ஊத்தான் மெலிந்தாங் சாலையில் ஒரு கோழிக்கூண்டு

நீங்கள் தெலுக் இந்தானுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்களும் அவ்வூரின் சாய்ந்த மணிக்கூண்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை விட்டுப் பீடோரில் இறங்கி, கடை வாசல்களில் தொங்கும் பெத்தாய்க் கட்டுகளையும் குவித்து வைத்திருக்கும் கொய்யாப் பழங்களையும் பார்த்தவாறு மேற்கே திரும்பினால், சங்காட் ஜோங்கைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். முன்பு தெலுக் அன்சன் என்று பெயர். 1982-இல்தான் தெலுக் இந்தான் ஆயிற்று. வயதானவர்கள் வாயில் இன்னும் அன்சன்தான்.

மணிக்கூண்டு 1885-இல் கட்டியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே ஏறினால் மூன்றே மாடி. ஊருக்குக் கொடுக்கும் தண்ணீருக்காக அதில் ஒரு தொட்டியையும் வைத்தார்கள். அடியில் இளகிய மண், மேலே தண்ணீர்ப் பாரம். கூண்டு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்ததால்தான் அதற்குப் பேர். நேராக நின்றிருந்தால் யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

நான் மணிக்கூண்டைப் பற்றி எழுத வரவில்லை. அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதால் அதைச் சொன்னேன். அதே மண்ணில் சாய்ந்து போன இன்னொரு கூண்டு உண்டு. அது என் அக்காவின் கோழிக்கூண்டு. அது சாய்ந்ததால் பேர் வரவில்லை. பதினொரு கோழிதான் போயிற்று. சிரிக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களுக்குக் கோழி என்றால் என்ன என்று தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பிளை சம்பளம் கடைக்கணக்குக்கும் கள்ளுக்கடைக்கும் போன காலத்தில், பள்ளிக்கூடப் பையும் சப்பாத்தும் கோழி விற்ற காசில் வந்தவை. இன்றைக்கும் அக்காவின் பேத்தி பொலிடெக்னிக்கில் சேர்வதற்கு அந்தக் கூண்டைத்தான் நம்பியிருந்தார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் நல்ல நாட்டுக்கோழி ஒன்று ஐம்பது வெள்ளிக்குக் குறைவாகப் போகாது.

"தம்பி, மூணு ராத்திரியில பதினொண்ணு போச்சுடா. என் காலையும் கடிச்சிருச்சு" என்று தொலைபேசியில் அக்கா சொன்னபோது முதலில் கோழி கடித்ததாகவே நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன்.

தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் போகும் சாலை கோடு கிழித்தது போல் கிடக்கிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரு பக்கமும் செம்பனை. செம்பனைக்கு நடுவே கறுத்த தண்ணீர் ஓடும் பாரிட்டுகள். அந்தப் பக்கம் பெர்ணம் ஆறு. ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். கடலுக்கு அருகே இருக்கும் இந்தச் சதுப்பு நிலத்தைப் பாரிட்டு வெட்டி, தண்ணீரை வடித்துத்தான் தோட்டமாக்கினார்கள். பாரிட்டுக் கரையில் வெயில் காய்ந்துகொண்டு, வால் பாதி தண்ணீரிலும் உடல் பாதி மண்ணிலுமாக ஒரு பியாவாக் கிடந்தது. மோட்டார் சத்தத்துக்குக் கூட அது அசையவில்லை. ஊரில் உடும்பு என்போம். ஆனால் இது ஆள் நீளம். அடைக்கோழியின் முட்டையைப் பகலில் வந்து துணிந்து தின்பது இதுதான்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். பழைய லயத்தில் இருபத்து நான்கு வீடுகள். நம்மவர்கள் ஏழு வீட்டில் இருக்கிறார்கள். ஐந்தாறு வீட்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீடு ஒவ்வொன்றின் படியிலும் ஒரு நாய் படுத்திருந்ததை நான் வண்டியை விட்டு இறங்கும்போதே கவனித்தேன். ஆனால் அப்போது அதற்குப் பொருள் விளங்கவில்லை.

அக்கா காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தான் என்னை நேரே கொல்லைக்கு அழைத்துப் போனார். கூண்டைப் பார்த்ததுமே எனக்கு மணிக்கூண்டு நினைவு வந்தது. நான்கு மரக்கால்களை வெறும் மண்ணில் நட்டு, அடியில் பலகையும் மேலே ஆறு மூலைக் கண் உள்ள மெல்லிய கோழிவலையும் அடித்து, தகரம் போட்ட கூண்டு. பத்து வருடத்தில் ஆற்றுப் பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒரு முழம் இறங்கிவிட்டன. கால் இறங்கினால் சட்டம் கோணும். சட்டம் கோணினால் கதவு பொருந்தாது. கதவுக்கு மேலே என் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. எதிர்ப்பக்கத்தில் அடிப்பலகை மண்ணை விட்டு எழும்பி இன்னொரு சந்து. வீட்டுக்காரர்களுக்கு அது சந்து. ராத்திரியில் அலைகிறவர்களுக்கு அது வாசல்.

மூன்று ராத்திரியும் ஒரே திருடன் வரவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பறிகொடுத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது கூச்சல் அல்ல; கீழே கிடப்பதைப் பார்க்க வேண்டும். யார் வந்தார்கள் என்று தெரியாமல் கூண்டைச் சரிக்கட்டினால், எலிக்கு வைத்த பொறியில் யானையைத் தேடிய கதையாகிவிடும்.

முதல் ராத்திரி ஒரு கோழி. இறகும் இல்லை, இரத்தமும் இல்லை, சத்தமும் கேட்கவில்லை. காலையில் அக்கா கதவைத் திறந்தால் மூலையில் மலைப்பாம்பு சுருண்டு கிடக்கிறது, நடுவயிறு உப்பிப்போய். அடிப்பலகைச் சந்தில் ஒல்லியாக நுழைந்து, கோழியை விழுங்கிய பிறகு அதே சந்தில் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டது. திருடன் திருடிய வீட்டிலேயே தூங்கிவிட்டான். பேத்தி 999-க்குக் கூப்பிட, பொதுத் தற்காப்புப் படையினர் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். அது சரியான செய்கை. மலைப்பாம்பும் பியாவாக்கும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் வேட்டையாடக் கூடாது. சிறுத்தை போலப் புள்ளி போட்ட சின்னக் காட்டுப்பூனை ஒன்று சில இடங்களில் கோழிக்கு வரும். அதற்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு. பாராங்கத்தியைத் தூக்கிக்கொண்டு பாம்பின் முன்னால் வீரம் காட்டுகிறவர்களைச் சட்டம் பிடிப்பதற்கு முன் பாம்பே பிடித்துவிடலாம்.

இரண்டாம் ராத்திரி இரண்டு கோழி. உடல் கூண்டிலேயே கிடந்தது; தலையும் கழுத்தும் மட்டும் இல்லை. இது மூசாங் வேலை. ஊரில் மரநாய் என்பார்களே, அதுதான். அடிச்சந்தில் அத்தான் செங்கல் வைத்து அடைத்திருந்தார். வந்தவன் தகரத்தில் ஏறிக் கதவின் மேல்சந்தில் இறங்கியிருக்கிறான். மூசாங்கின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

மூன்றாம் ராத்திரி எட்டு. கொல்லை முழுக்க இறகு. ஒன்றைக் கூட முழுதாகத் தின்னவில்லை. முதுகிலும் பின்புறத்திலும் கடித்துக் குதறி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டிருந்தன. கோழிவலை அடியிலிருந்து கிழிந்து சுருண்டிருந்தது. பலகைக்குக் கீழே மண் தோண்டியிருந்தது. பசிக்குக் கொல்கிறவன் ஒன்றோடு போய்விடுவான். படபடவென்று ஓடுவதைப் பார்த்து வெறி ஏறிக் கொல்வது நாய்க்கூட்டத்தின் குணம். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடியிருக்கிறார். அதில் ஒன்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அக்கா வழக்கம் போல் கடிவாயில் மஞ்சளை அப்பப் போயிருக்கிறார். பேத்திதான் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் உட்கார வைத்து, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நம் நாட்டில் வெறிநாய் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்த வேளையில் 2015-இல் பெர்லிசிலும் கெடாவிலும் பினாங்கிலும் அது தலை காட்டியது; 2017-இலிருந்து சரவாக்கில் உயிர்களையும் குடித்தது. அந்த நோய் முற்றி வெளியே தெரிந்த பிறகு மருந்து இல்லை. தெரிவதற்கு முன் போடும் ஊசிதான் மருந்து. ஐம்பது வெள்ளிக் கோழிக்காக யாரும் இருட்டில் நாய்க்கூட்டத்தின் நடுவே ஓடாதீர்கள்.

நிற்க. கூண்டுக்கு வருவோம்.

நான் அங்கே நான்கு நாள் தங்கினேன். அத்தானும் நானும், கோடி வீட்டில் இருக்கும் லொம்போக்காரத் தம்பியுமாகப் பழைய கூண்டைப் பிரித்துவிட்டோம். அந்த மண்ணில் மறுபடியும் காலை நட்டால் மறுபடியும் இறங்கும். என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, இடித்துப் போட்ட ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் துண்டுகள் புல்லுக்குள் கிடப்பதை அத்தான் நினைவுபடுத்தினார். நானும் அக்காவும் தொட்டிலில் கிடந்து வளர்ந்த கொட்டகையின் தரை அது. நான்கு பெரிய துண்டுகளை உருட்டிக்கொண்டு வந்து பதித்து, அதன் மேல் கால்களை நிறுத்தினோம். பாரம் பரவலாக இறங்கினால் கால் மண்ணுக்குள் போகாது. கூண்டின் தரையை மூன்றடி உயரத்துக்குத் தூக்கினோம். லொம்போக்காரத் தம்பி தன் ஊரில் இப்படித்தான் கட்டுவோம் என்று சொல்லிக்கொண்டே, கால்களைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வழவழப்பான தகரத்தை அடித்தான். எலியும் மூசாங்கும் நகத்தை ஊன்ற முடியாமல் வழுக்கும். கூண்டின் மேல் சாய்ந்திருந்த ரம்புத்தான் கிளையையும் வெட்டினோம். இல்லாவிட்டால் காலில் தகரம் அடித்து என்ன பயன்? மேலேயிருந்து குதித்துவிடும்.

வலை விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். கடையில் சுருளாக விற்கும் ஆறு மூலைக் கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் உள்ளே வராமல் இருக்க உதவாது. நாய் பல்லால் பிடித்து இழுத்தால் பழைய பனியன் போலக் கிழியும். அரை அங்குலக் கண் உள்ள, கம்பியோடு கம்பி ஒட்டவைத்த கட்டிவலையை வாங்கிவந்து அடித்தோம். இதில் எலிக்கும் பாம்புக்கும் வழியில்லை. அதற்கு வெளியே, கோயில் வேலி போட்டபோது மிச்சமான பி.ஆர்.சி. வலைத் துண்டுகளை வைத்து ஆணி அடித்தோம். செலவு இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. நான்கு கோழியின் விலை என்று அக்கா கணக்குப் போட்டார். போனது பதினொன்று ஆயிற்றே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

பகலில் கோழிகள் மேயும் அடைப்புக்கு வேறு ஒரு தந்திரம். நாய் வேலியின் ஓரத்தில் வந்து நின்றுதான் தோண்டும். இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்கு அறிவு போதாது. ஆகையால் வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, கல்லைப் பரப்பிவிட்டோம். புல் முளைத்தால் வலை கண்ணுக்கே தெரியாது. பியாவாக்கும் தோண்டுகிற ஜாதிதான்; அதற்கும் இதுவே மருந்து.

இன்னொன்று சொல்ல வேண்டும். பயந்தவர்கள் கூண்டைத் தகரத்தால் நாலு பக்கமும் மூடிவிடுகிறார்கள். பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் மூடினார். மூசாங் வரவில்லை. நண்பகல் வெயில் வந்தது. அடையில் இருந்த கோழி முட்டையோடு வெந்துபோயிற்று. நம் வெயிலுக்கு மேல்பாதி வலையாகவே இருக்க வேண்டும். மழைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தகரம் போதும். கந்தகம் தூவுவது, பூண்டு நசுக்கி வைப்பது, விளக்கு எரிப்பது எல்லாம் அக்கா செய்து பார்த்தவைதாம். மலைப்பாம்பு கந்தகத்தின் மேலேயே ஊர்ந்து வந்திருக்கிறது. விளக்கு இரண்டு நாள் பயமுறுத்தும். மூன்றாம் நாள் வந்தவனுக்கு வழி காட்டும்.

எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பு கோழிக்காக மட்டும் வருவதில்லை. எலியைத் தேடி வந்து கோழியைக் கண்டுபிடிக்கிறது. எலி எதற்கு வருகிறது? நாம் ராத்திரி கூண்டிலேயே விட்டு வைக்கும் மிச்சச் சோற்றுக்கும் மக்காச்சோளத்துக்கும். சாயங்காலம் தீனித்தட்டை எடுத்து வைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். செம்பனை இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பல தோட்டங்களில் மரப்பெட்டி நட்டு வெள்ளை ஆந்தைகளைக் குடிவைத்திருக்கிறார்கள். அந்த ஆந்தை கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்று சிலர் கல்லெறிகிறார்கள். பாவம், செம்பனைத் தோட்டத்தில் அதன் சாப்பாடு ஏறக்குறைய முழுவதும் எலிதான். உங்கள் கூண்டுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் அது.

எவ்வளவு நல்ல கூண்டானாலும் கதவைச் சாத்தாவிட்டால் கூண்டு அல்ல. இதைச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எட்டுக் கோழி போன ராத்திரி தாழ்ப்பாள் போடவேயில்லை என்பதை மூன்றாம் நாள்தான் அக்கா மெல்ல ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்ததாம். கோழிக்கு மங்கலில் கண் தெரியாது. வெளிச்சம் மங்கும்போதே தானாக வந்து குறுக்குக் கம்பில் ஏறிவிடும். அந்த நேரத்துக்கும் நாம் தாழ்ப்பாள் போடும் நேரத்துக்கும் இடையே ஒரு மணி நேரம் கழிந்தால் அது திருடனுக்குரிய நேரம்.

காலையிலும் இதே கதைதான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள் அல்லவா? அன்று முதல் நமக்கு ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. பிரட்டுக்குப் போகிறவர்கள் ஐந்தரைக்கே எழுந்து, போகிற போக்கில் கூண்டைத் திறந்துவிடுவார்கள். அக்கா வேலையை விட்டு எட்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஐந்தரை மணி என்பது கோழிக்கு நடுராத்திரி. பிரட்டுக்குப் போகும் வீடுகளில் கூண்டுக் கதவைப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடமோ வீட்டில் இருக்கும் பெரியவரிடமோ ஒப்படையுங்கள். இப்போது அக்கா வீட்டில் அது பேத்தியின் பொறுப்பு. இரண்டு தாழ்ப்பாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே ஒன்று இல்லாவிட்டால் நாய் மூக்கைக் கொடுத்து வளைத்துவிடும்.

வேலை முடிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்வாசல் படியில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்தேன். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் பகலில் கூண்டைப் பார்க்க வந்தபோது ஒரு குறிப்பு சொல்லியிருந்தார்: பண்டான் இலை மணம் வந்தால் மூசாங் அருகில் இருக்கிறதென்று அர்த்தமாம். மலாய்க்காரர்களிடம் 'மூசாங் பெர்புலு ஆயாம்' என்று ஒரு பழமொழியே இருக்கிறது; கோழி இறகு போர்த்திய மூசாங் என்று, நல்லவன் வேடம் போடுகிறவனைச் சொல்வார்கள். பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். யாரோ நாசி லெமாக் ஆக்குவது போல ஒரு மணம் வந்தது. டார்ச்சை அடித்தேன். தகரக் கூரையில் இரண்டு கண்கள். அது ஓடவில்லை. கூரை முழுக்க நடந்து, நாலு மூலையையும் முகர்ந்து, முன்காலால் வலையைத் தட்டிப் பார்த்தது. வீடு வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது. உள்ளே கோழிகள் ஒரு முனகலும் இல்லாமல் கம்பில் இருந்தன. அரை மணி நேரம் கழித்து மூசாங் இறங்கிப் போய்ப் பப்பாளி மரத்தில் ஏறிக்கொண்டது. அதற்குப் பழமும் பிடிக்கும், விழுந்த செம்பனைப் பழமும் பிடிக்கும். கோழி கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்கிற பிராணி அல்ல. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது விடியற்காலையில்.

ஐந்து மணி வாக்கில் நாய்கள் வந்தன. நான்கு. கறுப்பாக ஒன்று முன்னால் வந்து புதிய வலையைக் கடித்து இழுத்தது, வலை அசையவில்லை. தோண்டிப் பார்த்தது, காலில் கல்லும் கம்பியும் தட்டின. நான் தடியை எடுப்பதற்குள் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "டேய் கருப்பா!" அவ்வளவுதான். அந்த நாய் காதை மடக்கிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து அக்காவின் காலடிக்கே வந்துவிட்டது. எட்டுக் கோழியைக் கொன்ற நாய்!

"பதிமூணாம் நம்பர் வீட்டு நாய்டா. அவங்க போன வருஷம் டவுனுக்குப் போயிட்டாங்க. ஃபிளாட்டுல நாய் வைக்கக் கூடாதாம். படியிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு மாசம் அந்தப் படியை விட்டு நகரலை. நான்தான் கஞ்சி ஊத்துவேன். அப்புறம் என்னால முடியல" என்றார் அக்கா.

பூட்டிய வீட்டுப் படிகளில் நாய்கள் படுத்திருந்ததற்குப் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசகர்களே, தெரு நாய் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் இவை தெருவில் பிறந்தவை அல்ல. சாமான் ஏற்றிய லாரியில் நாற்காலிக்கு இடம் இருந்தது, அம்மிக்கு இடம் இருந்தது, இதற்கு மட்டும் இடம் இல்லை. இவற்றின் குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளும்தான் இன்று தோட்டத்துக்குத் தோட்டம் கூட்டமாகத் திரிகின்றன. தோட்டத்தை விட்டுப் போகும்போது நாம் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. வேறு இடம் பார் என்று முதலாளி சொன்னபோது எத்தனை குடும்பங்கள் தாங்களே படியில் உட்கார்ந்திருந்தன! ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று காலை பக்கத்து லயத்துக்காரர் வந்தார். அவருக்கும் ஏழெட்டுக் கோழி போயிருந்தது. மருந்துக் கொட்டாயில் இருப்பதைக் கொஞ்சம் இறைச்சியில் தடவி வைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும் என்றார். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான் முகம் சிவந்து, "மாமா, அதைக் கருப்பன் மட்டுமா தின்னும்? கோழியும் கொத்தும், ஆயாக்கா வீட்டுச் சின்னப் பையனும் எடுப்பான்" என்றாள். அத்துடன் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்குக்கு நஞ்சு வைப்பது குற்றம் என்றும் நான் சொன்னேன். நஞ்சு தின்ற பிராணி பாரிட்டு ஓரத்தில் போய்த்தான் விழும். அந்தத் தண்ணீரில் யார் வலை போடுகிறார்கள்? நாம்தான். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வைக்கவில்லை.

பதின்மூன்றாம் எண் வீட்டுக்காரரின் மகனுடைய தொலைபேசி எண் அக்காவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறானாம். கருப்பன் அவனைக் கண்டதும் போட்ட சத்தத்தில் லயமே எழுந்து வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் குந்திக்கொண்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாலையில் ஒரு வேனைக் கொண்டு வந்து பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனான். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டு, குட்டி போட வைக்காதபடி அறுவையும் செய்துவிடு என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். தன் காலில் இருந்த தழும்பையும் காட்டினார். கடித்தது கருப்பன்தானா என்று இருட்டில் தெரியாது. ஆனால் அவன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தான்.

மற்ற மூன்றும் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்று பெட்டை; காலி வீட்டின் அடியில் குட்டி போட்டிருக்கிறது. கோழி இரத்தம் ருசித்த நாயைத் திருத்திக் கூண்டுக்குக் காவல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கண் திறந்த குட்டியைக் கோழிகளோடு வளர்த்தால் கதை வேறு. பேத்தி ஒரு குட்டியை எடுத்துவந்து, கூண்டின் காலில் கயிறு கட்டி, கோழிகள் மேயும்போதெல்லாம் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். தாய்க்கோழி ஒன்று அதன் மூக்கில் இரண்டு முறை கொத்தியதிலிருந்து அதற்குக் கோழி என்றால் மரியாதை. தாய் நாய்க்கும் மற்ற இரண்டுக்கும் லயத்தின் அந்தக் கோடியில் சாயங்காலம் ஒரே இடத்தில் ஏழு வீட்டு மிச்சத்தையும் வைப்பதென்று ஏற்பாடு. பெட்டைக்கு அறுவை செய்யக் காசு சேர்க்கிறார்கள். முணுமுணுத்துப் போன பக்கத்து லயத்துக்காரரும் பத்து வெள்ளி கொடுத்திருக்கிறார்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். இருபத்தாறில் மிஞ்சிய பதினைந்தும் இருக்கின்றன. இரண்டு கோழி குஞ்சு பொரித்திருக்கின்றன. ஒரே ஒரு தொல்லைதானாம். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் மட்டும் புதுக் கூண்டுக்குள் வர மறுக்கிறது. செம்பனை ஓரங்களில் கூவித் திரியும் காட்டுக்கோழியின் வம்சம்தானே நம் கோழியும். ராத்திரியானால் மரம் ஏறும் புத்தி இன்னும் போகவில்லை. எட்டுக் கோழி போன ராத்திரியும் அது ரம்புத்தான் உச்சியில் இருந்ததால்தான் தப்பித்தது. அதற்கு நாம் எப்படிப் புத்தி சொல்வது? மூசாங்கும் மரம் ஏறும் என்று அக்கா தினமும் அதனிடம் சொல்லிப் பார்க்கிறாராம். பிறகு ஆறே முக்காலுக்கு அத்தான் ஏணியைச் சாய்த்து ஏறுகிறார்; பேத்தி கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்; நாய்க்குட்டி சுற்றிச் சுற்றிக் குரைக்கிறது.